தீம் பாடலைத் தாங்கிப் பிடித்த கைகளுக்கு

அன்புடையீர்,

படம் திரைக்கு வந்து, அதன் தீம் பாடலும் பட்டியல்களில் ஏறி நிற்கும் இந்த நாட்களில், வாழ்த்துகள் பாடியவர்களுக்கும் இசையமைத்தவருக்கும் குவிகின்றன. அவை அவர்களுக்கு உரியவைதான். ஆனால் ஒரு பாட்டு கேட்பவரின் காதுக்குப் போய்ச் சேருமுன் எத்தனை இடத்தில் வழுக்கும் என்பது, அந்தந்த இடத்தில் நின்று வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். வழுக்காமல் பிடித்த உங்களுக்கே இந்த மடல்.

முதல் வணக்கம் தவில், நாதஸ்வரக் கலைஞர்களுக்கு. கொழும்புக் கடற்காற்றில் தவில் தோல் ஈரம் வாங்கித் தளரும். குளிரூட்டிய கலையகத்துக்குள் வந்ததும் காய்ந்து இறுகும். நாதஸ்வரத்தில் வாய்வைத்து ஊதும் நாணற் துண்டான சீவாளியும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாறும். இதைக் கவனிக்காமல் பதிந்தால் முதல் சரணம் ஒரு சுருதியிலும் அடுத்தது இன்னொன்றிலும் நிற்கும். வெட்டி ஒட்டும்போது தையல் தெரியும். வாத்தியங்களை முன்கூட்டியே உறையிலிருந்து எடுத்து அறைக்குள் வைத்து, ஒவ்வொரு பதிவுக்கும் இடையில் தம்புராவோடு ஒத்துப் பார்த்த உங்கள் பொறுமைதான் பாட்டில் ஒரே கோடாகக் கேட்கிறது.

ஒலிப்பதிவாளர்களுக்கு அடுத்த நன்றி. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் கடலோரம் ரயில் ஓடுகிறது. அதன் அதிர்வு சுவர் வழியாகவும் ஒலிவாங்கிக்குள் இறங்கும். குரல் தடத்தில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிட்டால் போதும். அதே வெட்டைத் தவிலின் தொப்பிப் பக்கத்துக்கு, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கத்துக்குப் போட்டால் அதன் கனமே போய்விடும். ஆகவே இரண்டு ரயில்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி பார்த்து அந்தத் தடத்தைப் பதிந்தீர்கள். எந்த மென்பொருளாலும் அந்த இடைவெளியை உண்டாக்க முடியாது.

இறுதி ஒலிச்சமன் செய்தவர்களுக்கு மிகப் பெரிய நன்றி. படத்துக்கான ஒலியின் மாதிரி வீதம், அதாவது ஒரு விநாடியில் ஒலியை அளந்து பதியும் தடவை, 48 கிலோஹேர்ட்ஸ். இசைத்தளங்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது 44.1. முறையாக மாற்றாமல் 48 கோப்பை 44.1 என்று எண்ணி ஓட்டினால், 2 கட்டைச் சுருதியில் பாடியது 1 கட்டைக்கும் 1½ கட்டைக்கும் நடுவில் போய் விழும். மூன்று நிமிடப் பாட்டு 16 விநாடி நீளும். பாடியவர் நோயாளிபோல ஒலிப்பார். சத்த அளவிலும் நிதானம் காத்தீர்கள். ஸ்பாட்டிஃபை பாடல்களைச் சராசரி -14 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன்படுத்துகிறது. -7க்கு அழுத்திக் கொடுத்தாலும் அங்கே 7 டெசிபெல் குறைத்துத்தான் போடுவார்கள். நசுங்கிய தவில் அடி மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.

படத்தில் தொடக்க ஆலாபனை 40 விநாடி. இருட்டான அரங்கில் அது அழகு. கைத்தொலைபேசியில் ஆள் தள்ளிவிட்டுப் போய்விடுவார். ஸ்பாட்டிஃபையிலோ 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை என்று எண்ணப்படும். ஒன்பதாவது விநாடியில் குரல் வரும்படி தனி வடிவம் வெட்டச் சம்மதித்த இயக்குநருக்கு மனமார்ந்த நன்றி.

பாட்டை இசைத்தளங்களுக்கு அனுப்பும் விநியோகப் பதிவைப் பார்த்த பிள்ளைகளை வெளியில் யாரும் கண்டதில்லை. எங்கள் கணிப்பில், பாட்டைப் பட்டியலில் ஏற்றியதில் பாதி அவர்களுடைய வேலை. படவடிவம், குறுவடிவம், வானொலி வடிவம் மூன்றுக்கும் தனித்தனியே, ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும், எழுத்தும் இலக்கமுமாக 12 இடங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு வாங்கி, ஒவ்வொன்றையும் எல்லாத் தளங்களிலும் மாறாமல் கொடுத்தார்கள். ஒரே பதிவுக்கு இரண்டு குறியீடு போனால் கேட்ட கணக்கு இரண்டாகப் பிரியும். எதுவும் மேலே வராது. தலைப்பிலுள்ள ழகரத்தை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். ஒரே எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து, பாடியவர் பெயரையும் அப்படியே நிறுத்தினார்கள். இல்லாவிட்டால் பாட்டு இன்னொரு பாடகரின் பக்கத்தில் போய்க் குந்திவிடும். வெளியீட்டை வெள்ளிக்கிழமையில் வைத்ததும் அவர்கள் யோசனை. வாரப் பட்டியல் வெள்ளி தொடங்கி வியாழன் வரை எண்ணுகிறது; புதன்கிழமை வந்த பாட்டுக்கு முதல் வாரத்தில் இரண்டே நாள்.

இணையத்தில் எவரும் வாங்கக்கூடிய லூப்புகளை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஆயத்த ஒலித்துண்டுகளை) தாளத்தில் சேர்க்காமல் விட்ட இசைக்குழுவுக்கும் நன்றி. அதே லூப்பை வாங்கிய இன்னொருவர் யூரியூப்பில் உரிமை கோரினால், பாட்டுக்கு ஆடிப் பதிவேற்றிய பிள்ளைகளின் காணொளிகள்தான் முதலில் முடங்கும்.

வானொலி அறிவிப்பாளர்களே, உங்களுக்கு எப்படிச் சொல்வது! 1925 முதல் ஒலிபரப்புக் கேட்டு வளர்ந்த ஊர் கொழும்பு. அறிவிப்பாளர் பெயர் சொல்லிப் போட்ட பாட்டுக்கு இங்கே இன்னும் தனி மதிப்பு. வானொலி வடிவத்தில் குரல் தொடங்குமுன் 12 விநாடி இருக்கிறது என்று உறையில் எழுதித் தந்தோம். அந்தப் 12க்குள் பாடலாசிரியர், பாடியவர், வாசித்தவர் பெயர்களைச் சொல்லி, முதல் சொல்லை மிதிக்காமல் விலகினீர்கள்.

திரையரங்கு ஒலி இயக்குநர்கள் ஒலிக்கருவியின் சத்த அளவை வழக்கமான 7இலேயே வைத்திருந்தார்கள். விளம்பரங்கள் அலறுகின்றன என்று 5க்கு இறக்கிவிட்டு மறந்தால், ஆலாபனையின் தம்புரா காதுக்கு எட்டாது. காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்களிலும், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கடைகளிலும் பாட்டை ஒலிக்கவிட்ட அண்ணாமாருக்கும், மொழி புரியாமலே முணுமுணுத்துத் திரிந்த சிங்கள நண்பர்களுக்கும் எங்கள் அன்பு.

பாடசாலை விழாக்களுக்கு இசைத்தடம் கேட்டு எழுதிய ஆசிரியர்களுக்கு: 2 கட்டை, 5½ கட்டை இரண்டிலும் தனித்தனியே வாசித்த தடங்கள் தயார். கணினியில் சுருதி ஏற்றியவை அல்ல. அப்படி ஏற்றினால் தவில் தகரம்போல ஒலிக்கும். 5½ தடத்தில் நாதஸ்வரத்துக்குப் பதிலாக வயலின் இருக்கிறது. ஒலிபெருக்கிக்காரரிடம் ஒலியைச் சுருக்கிய எம்.பி.3 கொடுக்காமல், சுருக்காத வேவ் கோப்பையே கொடுங்கள்.

நன்றியுடன்,
பாடல் குழுவினர்
கொழும்பு