அந்த விமானம் எங்கே இறங்குகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு சுற்றுலா இணைப்பிதழில், 'சென்னை – ராமேஸ்வரம்: வான்வழித் தூரம் 434 கி.மீ., பறக்கும் நேரம் 1 மணி' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். சென்னையிலிருக்கும் என் மருமகள் அதைப் படமெடுத்து அனுப்பி, "ஒரு மணி நேரம்தானாம் மாமா, பேரன் பிறந்தநாளுக்கு இனிமேல் சாக்கு சொல்லாதீங்க" என்கிறாள். 71 வருஷமாக இந்தத் தீவில் குடியிருக்கிறேன். அந்த விமானத்தை நான் பார்த்ததில்லை. எங்கே இறங்குகிறது, அக்னி தீர்த்தத்திலா?

தீவில் விமான நிலையம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, ஆனால் கையில் மஞ்சப்பையோடு போனால் என்னை ஏற்ற மாட்டார்கள். எங்களுக்குப் பக்கம் என்றால் மதுரைதான். அந்தப் 'பக்கம்' எப்படியிருக்கும் என்று போன வருஷம் அண்ணன் இறந்தபோது பார்த்தேன்.

அண்ணன் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். ஏறத்தாழ 3,000 கி.மீ. நாலு மணி நேரத்தில் பறந்து வந்துவிட்டான். மதுரையிலிருந்து தங்கச்சிமடம் 160 சொச்சம் கி.மீ., அதற்கும் அதே நாலு மணி நேரம். பரமக்குடி வரை நாலுவழிச் சாலையில் வந்த கார், அதற்கப்புறம் லாரிகளின் பின்னால் ஊர்ந்திருக்கிறது. பாம்பனில் வழக்கம்போல ரோட்டுப் பாலத்தின் மேலேயே வண்டிகளை நிறுத்திவிட்டு வெளியூர்க்காரர்கள் ரயிலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே கரண்ட் இல்லை. ஐஸ் பெட்டிக்கு ஜெனரேட்டர் ஓட, நான் கேனைத் தூக்கிக்கொண்டு டீசலுக்கு அலைந்தேன். நாலு மணிக்கு அடக்கம் என்று கோயிலில் சொல்லியிருந்தோம். செல்போன் வெளிச்சத்தில்தான் குழிக்குள் மண் அள்ளிப் போட்டோம்.

எங்களூர்த் தூரம் யாருக்கும் பொருட்டாக இருந்ததில்லை. 1964 புயலுக்கு முன் எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் தனுஷ்கோடியில் கப்பல் மாறி கொழும்பு வரை போகலாம் என்று அப்பா சொல்வார். 2022 டிசம்பரில் பழைய தூக்குப்பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். இரண்டேகால் வருஷம் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் இறங்கி, மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றோம். அதைப் பற்றி நான் எழுதிய மூன்று கடிதங்களில் ஒன்றுகூட அச்சேறவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று பிரதமர் புதுப் பாலத்தைத் திறந்துவைத்ததும் முழுப்பக்கம் வண்ணத்தில் போட்டீர்கள். படம் அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. அதிகாரிகள் மாற்றம் பற்றிய செய்தியில் மட்டும் இன்றும் எங்கள் மாவட்டம் உங்களுக்குத் 'தண்ணியில்லாக் காடு'. நாலு பக்கமும் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைப் படிக்கும்போது எப்படியிருக்கும் என்று உதவி ஆசிரியர்கள் ஒருநாள் வந்து பார்க்கட்டும். ஒரு மணி நேரம்தானே!

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இணைப்பில் அதே அளவு கட்டத்தில், 'ராமேஸ்வரத்துக்கு விமானம் இல்லை. அருகிலுள்ள விமான நிலையம் மதுரை, அங்கிருந்து சாலை வழி சுமார் 170 கி.மீ.; சென்னையிலிருந்து ரயிலில் ஓர் இரவு' என்று போட்டால் போதும். மருமகளுக்குப் படமெடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் 40 ஆண்டு வாசகன்,
தங்கச்சிமடம்.