வார்சாவிலிருந்து: ஒரு ராஜாவின் கடிதங்கள்

வார்சா,
நவம்பர் 16

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் பாப்பாவும் நலந்தானே? இங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிரும் சாப்பாடும் ஒருவாறு பழகிவிட்டன. மற்றதைப் போனில் சொல்லிவிட்டேன். போனில் சொல்லி முடியாத ஒன்றைத்தான் இப்போது எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, நகரின் தென்கோடியில் உள்ள விலானூவ் அரண்மனைக்குப் போயிருந்தேன். போலந்து அரசர் மூன்றாம் யான் சொபியெஸ்கி 1677-இல் அந்த இடத்தை வாங்கிக் கட்டிய மாளிகை அது. அவருடைய மனைவி மரீ காசிமீர் பிரான்ஸில் பிறந்து, சிறுமியாக இந்நாட்டு அரசியின் பரிவாரத்தோடு இங்கு வந்தவள். அவளை அவர் செல்லமாக அழைத்த மரிசென்கா என்ற பெயரைச் சொன்னால் என் அலுவலகத்தில் தெரியாதவர் இல்லை. அவளுடைய முதற்கணவர் இறந்த 1665-ஆம் ஆண்டிலேயே அவர்கள் திருமணம் நடந்தது. அதன்பின் போருக்கும் எல்லைக்கும் ஓடிக்கொண்டே இருந்தவர், போன இடத்திலிருந்தெல்லாம் அவளுக்கு எழுதினார். கடிதம் பிறர் கையில் சிக்கினாலும் விஷயம் வெளியே போகக் கூடாது என்பதற்காக, இருவரும் சங்கேதச் சொற்களை வைத்துக்கொண்டார்கள்: கடிதங்களுக்கு 'ஜாம்' என்று பெயர், அவள் 'விடியல்', அவர் 'வெடிமருந்து'. நாட்டின் தளபதி எழுதியது என்று இதைப் படித்தால் யார் நம்புவார்கள்!

1683 செப்டம்பர் 12 அன்று, இரண்டு மாதமாக வியன்னாவை முற்றுகையிட்டிருந்த துருக்கியப் படையை அவர் தலைமையில் வந்த படைகள் முறியடித்தன. மறுநாள் இரவு, தப்பியோடிய தலைமை அமைச்சர் காரா முஸ்தபாவின் கூடாரத்திலேயே உட்கார்ந்து அவளுக்கு எழுதினார். "என் ஆன்மாவுக்கும் இதயத்துக்கும் ஒரே ஆறுதலே" என்று தொடங்கி, கடவுளுக்கு நன்றி சொன்ன கையோடு கூடாரத்தைச் சுற்றிக்காட்டத் தொடங்கிவிடுகிறார். மதிலுக்குள் அடங்கிய வார்சா அளவுக்கு அது விரிந்திருந்ததாம். உள்ளே குளியலறை, தோட்டம், நீரூற்று, முயல், பூனை எல்லாம் இருந்தனவாம். ஒரு கிளி மட்டும் பறந்துபோனதால் பிடிக்க முடியவில்லையாம். அரசர் கைக்குக் கிடைக்கக் கூடாதென்று நெருப்புக்கோழி ஒன்றின் தலையை அமைச்சர் வெட்டச்செய்திருந்ததையும் விடவில்லை. கொள்ளையின்றி வீடு திரும்பும் கணவனைத் தாத்தாரியப் பெண்கள் ஏசுவதுபோல் நீ என்னை ஏச முடியாது என்று அவளைச் சீண்டவும் செய்கிறார். போரின் வியூகத்தைவிட அந்தக் கிளிதான் எனக்குப் பிடித்திருந்தது. இதெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியதே, அதைத்தான் அன்பு என்பேன்.

எல்லாம் கொஞ்சல் என்று நினைத்துவிடாதே. அவள் பிரான்ஸில் போய்த் தங்கிய காலத்தில், பதில் வரவில்லை என்ற குறையும் ஊடலும் பக்கம் பக்கமாக வரும். அவள் எழுதியவற்றில் மிகச் சிலவே மிஞ்சியதால், ஒரு பக்கத்து வழக்கை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசியலில் தலையிட்டாள் என்று இந்நாட்டார் அவளை இன்றும் குறை கூறுகிறார்கள். அவளோடு கலந்துபேசியே காரியம் செய்தவர் அவர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1696-இல் அவர் விலானூவிலேயே காலமானார். அவள் ரோமுக்குப் போய், பிறகு பிரான்ஸுக்குத் திரும்பி, 1716-இல் இறந்தாள். இருவரையும் கிராக்கோவ் நகரத்து வாவெல் தேவாலயத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். இங்கிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். கோடை விடுமுறையில் நீயும் பாப்பாவும் வரும்போது அங்கே போகலாம். விசாவுக்கான தாள்களை இந்த வாரமே அனுப்புகிறேன். பதிலை விரிவாக எழுது.

அன்புடன்,
முருகேசன்