கையெழுத்து வைக்கமுன் இதை வாசி

மட்டக்களப்பு

அன்பு மச்சான்,

உன் செய்தியைப் பார்த்ததிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. நேயர்களின் குறைகேள் அதிகாரியாக வரச்சொல்லி ஒரு விளையாட்டு அலைவரிசையே உன்னைக் கூப்பிட்டிருக்கிறது! வேறு யாருக்கும் நான் சொல்லவில்லை. நம்ம ரெஃபரிக்குத் தெரிந்தால் காத்தான்குடி வரைக்கும் கேட்கும். இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மழை தொடங்கிவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தனி ஆள் ஒருவன் எழுதி அவ்வளவு பெரிய நிறுவனம் அசையுமா என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவின் பெரிய விளையாட்டு அலைவரிசையான ஈஎஸ்பிஎன்னில் நடந்ததைப் பார். 2005இல் முதல் ஒம்புட்ஸ்மனாக, அதாவது உனக்குத் தரப்போகிற இதே குறைகேள் பதவிக்கு, வந்தவர் ஜோர்ஜ் சொலமன், வாஷிங்டன் போஸ்டின் விளையாட்டுப் பகுதிக்கு ஆசிரியராக இருந்தவர். அவருக்குப் பின் லீ ஆன் ஷ்ரைபர், டொன் ஓல்மயர், ரொபர்ட் லிப்சைற். ஒருவரும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. 2010இல் கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரோன் ஜேம்ஸ் எந்த அணிக்குப் போகிறார் என்று சொல்வதற்கே ஒரு மணி நேர நிகழ்ச்சி வைத்தார்களே, அப்போது ஓல்மயர்தான் அந்தக் கதிரையில் இருந்தார். பேட்டி எடுப்பவரைத் தெரிவு செய்ததும் ஜேம்ஸின் தரப்புத்தான். விளம்பரக் காசு சிறுவர் அமைப்புக்குப் போனது உண்மை. ஆனாலும் அது நடந்த விதத்தை ஓல்மயர் நிறுவனத்தின் தளத்திலேயே கண்டித்து எழுதினார். என்ன பலன்? நிகழ்ச்சி ஏற்கெனவே ஓடி முடிந்துவிட்டதே. பந்து கோட்டைத் தாண்டிய பிறகுதான் உன் கையில் விசிலைத் தருவார்கள், மச்சான்.

2013இல் நடந்தது இதைவிட மோசம். அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்குத் தலையடியால் வரும் மூளைப் பாதிப்பைப் பற்றி அமெரிக்கப் பொது ஒளிபரப்பான பிபிஎஸ்ஸின் ஃப்ரொன்ட்லைன் என்ற ஆவணப்பட நிகழ்ச்சியோடு சேர்ந்து ஈஎஸ்பிஎன்காரர் ஒரு வருசத்துக்கும் மேலாக வேலை செய்தார்கள். படம் வரப்போகும் நேரத்தில் அதிலிருந்து தங்கள் பெயரை நீக்கிக்கொண்டார்கள். அந்தக் கால்பந்துப் போட்டிகளை நடத்தும் என்எஃப்எல்லின் அழுத்தம் என்று பத்திரிகை எழுதியது, அவர்கள் மறுத்தார்கள். அதே என்எஃப்எல்லுக்குத்தான் 2014 தொடக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடி டொலர் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். லிப்சைற் அதைப் பற்றி எழுதினார், வாசகர்களும் அவருக்கு எழுதித் தள்ளினார்கள். நீக்கிய பெயர் திரும்ப வரவில்லை. ஆனால் அந்த ஆய்வைச் செய்த இரண்டு செய்தியாளரும் தொடர்ந்து அங்கேயே வேலை செய்தார்கள், விஷயமும் மூடுண்டு போகவில்லை. அது ஒம்புட்ஸ்மனால்தான் என்று நான் சொல்லமாட்டேன்.

அதனால் எனக்குப் படுவது இதுதான். ஒளிபரப்பு உரிமைக்குக் கோடி கோடியாகக் கொட்டிய இடத்தில் உன் பேனா ஓடாது. செய்தியாளன் ஆதாரம் தேடுகிற விதம், வர்ணனையாளர் வீராங்கனையைப் பற்றிப் பேசுகிற விதம், பிழை விட்டால் திருத்தம் போடுகிற வழக்கம், இவற்றில் ஓடும். அது சின்ன விஷயமா? இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

ஏனென்றால் இங்கே நடந்ததைக் கேள். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளின் கபடி இறுதிப்போட்டியை ஒரு அலைவரிசை நேரடியாகக் காட்டியது. கடைசி ரெய்டில் பிள்ளை கோட்டைத் தொடக் கையை நீட்டுகிறாள், திரையில் சவர்க்கார விளம்பரம். மறுகா படம் வந்தபோது எல்லோரும் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். அவளுடைய தாய் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துதான் பார்த்தா. “தொட்டாளா தம்பி?” என்று என்னிடம் கேட்கிறா. முறைப்பாடு எழுதலாம் என்று பார்த்தால் யாருக்கு எழுதுவது? பத்திரிகை என்றால் 2003இலிருந்து கொழும்பில் முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. இந்த அலைவரிசைக்காரருக்கு ஒரு தொலைபேசி இலக்கம்தான், அதையும் யாரும் எடுக்கவில்லை. கூடைப்பந்தை உயிராக நினைத்த யேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரில் மைதானம் வைத்திருக்கிற ஊரடா இது. எங்களுக்கு விளையாட்டென்றால் என்ன என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. 2018இல் ஈஎஸ்பிஎன் அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. இப்போது சனம் உடனுக்குடன் கருத்துச் சொல்கிறதே, இனி இது தேவையில்லை என்றார்கள். ஆயிரம் பேர் ஏசுவதும், ஒருவன் உள்ளே போய் “இதை ஏன் செய்தீர்கள்?” என்று கேட்டுப் பெயரோடு பதில் வாங்கி எழுதுவதும் ஒன்றா? எனக்கு இதில் இப்பவும் கோபம்தான்.

ஆகவே போ. ஆனால் தவணை முடியும்வரை உன்னை நீக்க முடியாது என்று எழுத்தில் வாங்கு. நீ எழுதுவதில் சந்தைப்படுத்தல் பிரிவு கை வைக்கக்கூடாது. நிர்வாகத்தின் பதிலும் உன் எழுத்தோடு சேர்ந்து வரவேண்டும். தமிழில் வரும் முறைப்பாட்டுக்குத் தமிழிலேயே பதில், அதையும் கேள். இதில் எதற்காவது “பிறகு பார்ப்போம்” என்றால் பஸ் ஏறி ஊருக்கு வா.

ஒப்பந்தத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, சின்ன எழுத்தில் இருக்கிற பக்கத்தையும் சேர்த்து. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். அந்தக் கபடி முறைப்பாட்டை எழுதி வைத்திருக்கிறேன், நீ பதவியேற்கும் அன்றைக்கே உன் மேசைக்கு வரும்.

உன்
மச்சான்