செகண்ட்ஸ் என்று எழுதினால் மட்டும் போதுமா? கிடங்கு விற்பனை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

விடுமுறைக் காலத்தில் ஆண்டுக் கிடங்கு விற்பனை நடத்தும் பீங்கான், மண்பாண்டப் பட்டறையாருக்கு,

வணக்கம். வருடம் முழுக்க ஒதுக்கி வைத்த உருப்படிகளை ஒரே மேசையில் குவித்து ‘செகண்ட்ஸ்’, அதாவது குறையுள்ள இரண்டாம் தரச் சரக்கு, என்று அட்டை மாட்டிவிடுகிறீர்கள். நிறம் சற்று மங்கிய தட்டும் கிளேஸ் (மேலே உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சு) உரிகிற தட்டும் அதில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. முதலாவதில் ஆயுசுக்கும் சாப்பிடலாம். இரண்டாவது மேசைக்கே வந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு உருப்படியிலும் என்ன குறை என்று எழுதி ஒட்டுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

ஆறும்போது களிமண்ணைவிட கிளேஸ் குறைவாகச் சுருங்கினால், விளிம்பிலும் கைப்பிடியிலும் அது செதில் செதிலாகத் தெறிக்கும். அது கண்ணாடிச் சில்லு. சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகும். விளிம்பைச் சுற்றி மரக்குச்சியால் தட்டிப் பாருங்கள், நகத்தாலும் நெருடிப் பாருங்கள். உரிந்தால் உடைத்துப் போடுங்கள். தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிடுகிற சரக்கல்ல அது.

கிளேஸ் அதிகமாகச் சுருங்கினால் வலைபோல மயிரிழை விரிசல் விழும். அதிகச் சூட்டில் சுட்டு நன்றாக வெந்து இறுகிய ஸ்டோன்வேரில் இதனால் கறை பிடிக்கும், பலமும் குறையும். ஆனால் நீர் அதிகம் இறங்காது. குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்டத்தின் கதை வேறு. அதன் உடல் நீரை உறிஞ்சும், நாற்றம் பிடிக்கும், மைக்ரோவேவில் வைத்தால் கை சுடும். இன்னொன்றும் உண்டு: அந்த உடல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்ல உப்புவதால், சூளையிலிருந்து சுத்தமாக வந்த பாண்டத்தில்கூட மாதக்கணக்கில் கழித்து விரிசல் விழலாம். ஆகவே அன்று பார்த்தாயிற்று என்று விட்டுவிடாமல், விற்பனைக்கு முந்தைய வாரம் திரும்பச் சோதியுங்கள். தண்ணீர் நிரப்பிக் காகிதத்தின் மேல் ஓர் இரவு வைத்தால், காலையில் காகிதமே சொல்லிவிடும்.

தட்டினால் ‘கணீர்’ என்று கேட்காமல் ‘பொத்’ என்று கேட்கிறதா? உடலிலேயே வெடிப்பு இருக்கலாம். 573 டிகிரி செல்சியஸை ஒட்டிக் களிமண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டெனச் சுருங்கும். அந்தக் கட்டத்தில் சூளை வேகமாக ஆறினால் இப்படி ஆகும். கொதிக்கும் காபியை ஊற்றினால் கோப்பை பிளக்கக்கூடும். பேனா தாங்கியாக விற்கலாம், ‘சூடானதை ஊற்றக் கூடாது’ என்று எழுதி.

ஆடுகிற தட்டு, வெளிப்புற ஊசித்துளை, நிறத் திட்டு எல்லாம் அழகுக் குறைதான். ஆட்டத்தைச் சிலிக்கன் கார்பைடு கல்லால் அடியைத் தேய்த்தே சரிசெய்யலாம்.

வினிகரில் ஊறவைத்து நிறம் மாறவில்லை என்பதற்காக ‘ஈயம் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். நிறம் மாறினால் கிளேஸ் கரைகிறது என்று தெரியும், அவ்வளவுதான். ஈயமும் காட்மியமும் கசிகின்றனவா என்று அறிய, 4% அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் வைத்து அளக்கும் ஆய்வகச் சோதனைதான் வேண்டும். சோதிக்காத கிளேஸ் என்றால் ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று போடுங்கள்.

ஸ்டிக்கரைக் கிளேஸ் உள்ள இடத்தில் ஒட்டுங்கள்; வெறும் மண்ணில் ஒட்டினால் பசை போகாது. தட்டுகளை அடுக்கும்போது இடையில் காகிதம் வையுங்கள், இல்லாவிட்டால் மேல் தட்டின் சொரசொரப்பான அடி கீழ்த்தட்டைக் கீறும். கோப்பைக்குள் கோப்பை செருக வேண்டாம், இறுகிக்கொள்ளும். பெட்டியில் தட்டுகளைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிற்க வையுங்கள். மூடியபின் லேசாக ஆட்டுங்கள். உள்ளே சத்தம் கேட்டால் இன்னும் காகிதம் திணிக்க வேண்டும்.

இப்படிக்கு,
களிமண்ணோடும் சூளையோடும் புழங்குவோர்