ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் கூடிக் கற்க வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வி இயக்ககம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பள்ளிகளில் ஆசிரியர் கற்றல் குழுக்கள் அமைத்தல் – கால அட்டவணையில் பொதுப் பாடவேளை ஒதுக்குதல் – வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். ஒரு வகுப்பின் மூன்று பிரிவுகளுக்கு ஒரே பாடத்தை நடத்தும் மூன்று ஆசிரியர்கள், அடுத்த அறையில் அப்பாடம் எப்படி நடக்கிறது என்பதை அறியாமலேயே ஆண்டுக்கணக்கில் பணியாற்றி வருகிறோம். மனமில்லாததால் அல்ல, ஒருவருக்கு ஓய்வுப் பாடவேளை வரும்போது மற்ற இருவரும் வகுப்பில் இருப்பார்கள், அந்த ஓய்வும் பெரும்பாலும் விடுப்பில் சென்றவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதில் கழிந்துவிடும்.

இதனால் ஏற்படும் இழப்பை ஒரு கணக்கைக் கொண்டே விளக்க விரும்புகிறேன். 1/3, 1/4 ஆகிய பின்னங்களைக் கூட்டச் சொன்னால், தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 2/7 என்று எழுதும் மாணவர்கள் எல்லாப் பிரிவிலும் உண்டு. கூட்டி வந்த விடை 1/3-ஐ விடச் சிறியதாயிற்றே என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தனியாக விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் தவறு என்று குறித்துவிட்டு, மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) காணும் முறையை மீண்டும் ஒருமுறை நடத்துவார். மூன்று பிரிவுகளின் விடைத்தாள்களையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்தால், ஒரு பிரிவில் மட்டும் இத்தவறு குறைவாக இருப்பதும், அங்கே விதிக்கு முன்பாகக் காகிதப் பட்டைகளை மடித்து அளவுகளை ஒப்பிடச் செய்திருப்பதும் தெரியவரும். அந்த வகுப்பில் ஒருமுறை அமர்ந்து, ஆசிரியரை அல்லாமல் மாணவரின் கைகளையும் நோட்டுகளையும் கவனித்துவிட்டு வரும் மற்ற இருவரும் அடுத்த வாரம் அதே பாடத்தை வேறு விதமாக நடத்துவார்கள். பணியிடைப் பயிற்சிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாளை காலை எந்த மாணவனுக்கு எதை மீண்டும் சொல்ல வேண்டும் என்பதை அவற்றால் சொல்ல இயலாது.

ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர் கவனித்து, பின் அமர்ந்து விவாதிக்கும் வழக்கம் மெய்ஜி பேரரசர் காலத்திலிருந்தே (1868–1912) வேரூன்றியுள்ளது. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2009-இல் இத்தகைய ஆசிரியர் கற்றல் குழுக்களைப் பள்ளிகளில் அறிமுகப்படுத்தியது. அமெரிக்கக் கல்வியாளர் ரிச்சர்ட் டூஃபோர் வலியுறுத்திய நான்கு கேள்விகளே இக்குழுக்களின் பேச்சுக்குப் போதுமானவை: மாணவர் எதைக் கற்க வேண்டும், கற்றார் என்பதை எப்படி அறிவோம், கற்காதவருக்கு என்ன செய்வோம், முன்பே கற்றுவிட்டவருக்கு என்ன செய்வோம்.

ஆகவே, ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர் அனைவருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை பொதுவாக ஓய்வாக அமையும்படி கால அட்டவணை தயாரிக்கவும், அந்நேரத்தில் வேறு பணி எதுவும் வழங்காதிருக்கவும் தலைமையாசிரியர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். பாடத்துக்கு ஓர் ஆசிரியரே உள்ள சிறு பள்ளிகள் அருகிலுள்ள பள்ளிகளோடு மாதம் ஒருமுறை ஒன்றுகூட அனுமதிக்கலாம்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. இக்கூட்டங்களில் பேசப்படுபவை ஆசிரியரை மதிப்பிடும் ஆய்வறிக்கையில் ஒருபோதும் இடம்பெறக் கூடாது. இடம்பெற்றால், அன்றிலிருந்து நன்றாக எழுதப்பட்ட விடைத்தாள்கள் மட்டுமே மேசைக்கு வரும். புதிய பதிவேடுகளும் படிவங்களும் புகைப்படச் சான்றுகளும் கேட்கப்பட்டால், கூட்டம் அவற்றை நிரப்புவதற்கே நடக்கும். தலைமையாசிரியரும் தலைமை தாங்காமல், உடன் கற்பவராக அமர வேண்டும்.

அனைத்துப் பள்ளிகளிலும் ஒரே ஆணையில் தொடங்குவதைக் காட்டிலும், விருப்பம் தெரிவிக்கும் பள்ளிகளில் ஒரு கல்வியாண்டு நடத்திப் பார்த்து, அந்த ஆசிரியர்களின் கருத்தைக் கேட்டறிந்தபின் விரிவுபடுத்துவதே நிலைக்கும் என்பது என் கருத்து. வரும் கல்வியாண்டுக்கான கால அட்டவணைகள் தயாராகும் முன்னரே இதற்கான ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணிதப் பட்டதாரி ஆசிரியர்