நூல் அறுந்தால் நிற்கும் தறி

ஸ்ரீராமபுரம், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். ஜப்பானில், உன் நகோயாவில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய். கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி தீர்ந்திருந்தால் சொல், உங்கள் கம்பெனியிலிருந்து அடுத்து வருகிற பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் போனில் ஒன்று சொன்னாய். "நம்ம ஆளுங்களுக்கு வேலைன்னா என்னன்னே தெரியலம்மா. லீவு, டீ, அரட்டை. இங்க வந்து பார்த்தாதான் புரியுது." நான் பதில் பேசாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். உன்மேல் கோபமில்லை. பீன்யாவில் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் 21 வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு அதற்குச் சொல்ல நிறைய இருக்கிறது, போனில் அடங்காது. பயிற்சி முடிந்து ஓசூர் ஃபேக்டரிக்கு வந்ததும் 200 பேருக்கு நீ பொறுப்பு. அதற்கு முன்னால் இதை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

லீவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் போட்ட லீவில் பாதி உனக்குக் காய்ச்சல் வந்த நாட்கள். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. எங்கள் கம்பெனியிலும் போர்டு மாட்டிய ஓர் அறை இருந்தது. ஆடிட்டுக்கு வெளியாள் வருகிற அன்றைக்கு மட்டும் திறப்பார்கள். உன்னைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுப் போவேன். பாட்டி ஊருக்குப் போய்விட்டால் எனக்கு லீவு, சம்பளம் கட். பிறகு ஒரு வருஷம் அந்த அறையை நிஜமாகவே திறந்து ஆயா போட்டார்கள். எங்கள் லைனில் கைக்குழந்தைக்காரிகள் எட்டுப் பேர். அதற்கப்புறம் அந்த எட்டுப் பேரும் லீவு போட்டதே அபூர்வம்.

இன்னொரு சம்பவம் உனக்குத் தெரியாது. வீட்டில் நான் சொன்னதில்லை. ஒருநாள் காலையில் சேலத்து அக்கா ஒரு பண்டலைப் பிரித்ததும், "இடது கை கஃப் கால் இஞ்ச் குறைச்சலா வெட்டியிருக்காங்க" என்றாள். எழுந்து போய் சூப்பர்வைசரிடம் காட்டினாள். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "மணிக்கு 70 பீஸ் வரணும். போய் உன் மெஷின்ல உட்காரு" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அக்கா உட்கார்ந்தாள். நாங்களும் தலை குனிந்து தைத்தோம். சாயங்காலம் செக்கிங்கில் அத்தனை சட்டையும் திரும்பி வந்தது. ஐந்நூற்றுச் சொச்சம். பிரித்து மறுபடி தைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. துணி வீண், நூல் வீண், கரண்ட் வீண், எங்கள் உடம்பும் வீண். அந்த வாரம் முழுக்க எந்த மெஷினும் ஓயவில்லை கண்ணு. வெளியிலிருந்து பார்த்தால் எவ்வளவு சுறுசுறுப்பு என்று தோன்றியிருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் லைனில் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் தப்புத் தையல் விழுந்த பீஸைப் பண்டலின் அடியில் செருகியிருக்கிறேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலையில் சேர்ந்த நாளில் அந்தப் பழக்கம் எனக்கு இல்லை, பயத்தில் வந்தது.

நேரம் எங்கே போகிறது என்று பார்க்க, ஸ்டாப்வாட்ச் வைத்து எங்கள் கையை மட்டும் அளந்தார்கள். நூல்கண்டு வாங்க ஃப்ளோரின் அந்தக் கோடிக்கு நடந்ததை யாரும் அளக்கவில்லை. ஊசி உடைந்தால் துண்டு ஒன்றுவிடாமல் தேடிப் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி. அது நல்ல சட்டம், குழந்தை போடுகிற துணியில் ஊசி முனை இருக்கக் கூடாது. ஆனால் ஊசி ஏன் அடிக்கடி உடைகிறது என்று கேட்டவர் கிடையாது. பாத்ரூமுக்கு எழுந்தால் திட்டு விழும் என்று மத்தியானம் வரை தண்ணீர் குடிக்க மாட்டோம். மூன்று மணிக்கு மேல் கண் இருட்டும். தப்புகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் விழும்.

கடைசி வருஷங்களில் புது ஃப்ளோர் இன்சார்ஜ் ஒருவர் வந்தார். காலையில் பத்து நிமிஷம் லைன் நடுவில் நின்று, "நேத்து உங்களை எது தடுத்தது?" என்று கேட்பார். முதல் இரண்டு நாள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். மூன்றாம் நாள் சேலத்து அக்காதான் நூல்கண்டு விஷயத்தைச் சொன்னாள். மறுநாள் அந்த ராக்கை எங்கள் பக்கத்துக்கே நகர்த்தி வைத்திருந்தார். அன்றைக்கு அக்கா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் ஓவர்டைம் இல்லாமலே டார்கெட் வந்தது. 2014இல் பீன்யாவுக்கு மெட்ரோ வந்து, யஷ்வந்தபூரில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரமும் மிச்சமானபோது, ஆறரைக்கு வீட்டில் இருந்தேன். உன் பன்னிரண்டாம் வகுப்பில் ராத்திரி உன்கூட உட்கார முடிந்தது அதனால்தான்.

இப்போது நாடு முன்னேற இன்னும் அதிக மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசுகிறார்கள். 2023இல் கர்நாடகத்தில் ஒரு நாள் வேலையை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை நீட்டலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். வாரத்துக்கு 48 மணி என்பது அப்படியே இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும். பத்தாவது மணி நேரத்தில் தைத்த காலரை மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தவள் நான். அளவுக்கு மீறி உழைத்துச் சாகிறதற்கு ஜப்பானில் கரோஷி என்று தனியாக ஒரு சொல்லே இருக்கிறது என்று நீதானே சொன்னாய்? அவர்களிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டு வராதே.

நீ கற்றுக்கொள்ள வேண்டியது, மியூசியத்தில் எடுத்து நீ அனுப்பிய வீடியோவிலேயே இருக்கிறது. தச்சர் மகன் சகிச்சி டொயோடா, தன் அம்மா கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து நல்ல தறி செய்யக் கிளம்பியவர் என்றாய். 1924இல் வந்த அவருடைய தறி, ஓர் இழை அறுந்தாலும் தானே நின்றுவிடும். அந்த யோசனையிலிருந்துதான் டொயோட்டா கார் தொழிற்சாலையில் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்கிற வழக்கம் வந்தது என்றாய். அன்றைக்கு சேலத்து அக்கா கையில் ஒரு கயிறு இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

டெமிங்கைப் பற்றி நீ காலேஜில் சத்தமாகப் படித்ததும் நினைவிருக்கிறது. 1950இல் ஜப்பான் போய், பொருளின் தரத்தைப் பற்றிப் பாடம் எடுத்த அமெரிக்கர். குறை பெரும்பாலும் வேலையை அமைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது, அதை மாற்றுவது மேலே இருக்கிறவர்கள் பொறுப்பு என்றாராம். அவர் பெயரில் ஜப்பானில் கொடுக்கிற பரிசை 1998இல் சென்னை பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வாங்கியது. இந்தியாவில் முதலில் வாங்கியது அவர்கள்தான். அங்கே வேலை செய்தவர்கள் யார், கண்ணு? இங்கே பிடதியில் டொயோட்டா கார் பூட்டுகிறவர்கள் யார்? நீ "நம்ம ஆளுங்க" என்றாயே, அவர்கள்தான்.

ஓசூருக்கு வந்ததும் முதல் வாரம் ஆபீஸ் அறையில் உட்காராதே. லைனில் நில். குடிதண்ணீர் எங்கே, பாத்ரூம் எத்தனை, காப்பகம் திறந்திருக்கிறதா என்று நீயே நடந்து பார். ஒரு பெண் எழுந்து வந்து ஏதாவது காட்டினால் கையில் வாங்கிப் பார். மற்றதெல்லாம் நீ படித்தவன், உனக்குத் தெரியும்.

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. தங்கச்சி உனக்குத் தனியாக எழுதுவாள்.

நேற்று சேலத்து அக்கா வந்திருந்தாள், அந்த வீடியோவைக் காட்டினேன். நூல் அறுந்ததும் தறி நிற்கிற இடம் கண்ணில் படுவதற்குள் போய்விடுகிறதாம். அடுத்த தடவை அந்த மியூசியத்துக்குப் போனால், கிட்டப் போய் அதை மட்டும் மெதுவாக எடுத்து அனுப்பச் சொன்னாள்.

அன்புடன்,
அம்மா