ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கிறதே: தமிழ்ப்பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப்பள்ளி நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நிலை ஆறு, நிலை ஏழு மாணவர்களுக்கான வாய்மொழித் தேர்வை வைத்திருக்கிறீர்கள். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, டாலஸின் வடக்கே இருக்கும் நம் ஊரிலிருந்து நூறு மைலுக்கு மேல் தள்ளியுள்ள வேக்கோ நகரில், நம் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி, தோற்றவர் வெளியேறும் பிளேஆஃப் போட்டியின் இரண்டாம் சுற்றில் ஆடுகிறது. பேருந்துகள் காலை எட்டரைக்குப் புறப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருப்பவர்கள் பதினோரு பிள்ளைகள். அவர்களுக்கு மட்டும் தேர்வை மறுநாள் ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றித் தாருங்கள் என்று பெற்றோர்கள் சேர்ந்து கேட்டோம். தேர்வு நாள் ஆகஸ்டிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது, வராதவர்களுக்குச் சுழியம் என்று இரண்டு வரியில் பதில் அனுப்பினீர்கள். அந்த இரண்டு வரிதான் என்னை இந்த நீண்ட மடலை எழுத வைத்திருக்கிறது.

ஆகஸ்டில் அறிவித்தீர்கள் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆட்டம் சனிக்கிழமை நடக்கும் என்பது ஆகஸ்டில் யாருக்கும் தெரியாது, பயிற்சியாளருக்கே தெரியாது. முதல் சுற்று வெள்ளி இரவு முடிந்த பிறகுதான், வென்ற இரு பள்ளிகளின் பயிற்சியாளர்களும் பேசி, எந்த ஊர், எந்த அரங்கம், எந்த நாள் என்று முடிவு செய்கிறார்கள். பேச்சு ஒத்துவராவிட்டால் காசு சுண்டுகிறார்கள். டெக்சஸில் இருபது, முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1988 நவம்பரில் மேற்கு டெக்சஸில் மூன்று பள்ளிகள் சமநிலையில் நின்றபோது, நள்ளிரவுக்கு மேல், லாரிகள் நின்று போகும் ஒரு நெடுஞ்சாலை நிறுத்தத்தில் காசு சுண்டித்தான் யார் பிளேஆஃப் போவது என்று முடிவு செய்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டினார்கள். மிட்லண்ட் ஹை பள்ளி அந்த ஒரு சுண்டலில் வெளியே போனது. இந்த மாநிலத்தின் வழக்கம் இது. நம் அட்டவணையைப் பார்த்து அது நடப்பதில்லை.

அதிலும் இது சாதாரண ஆட்டம் அன்று. நம் பள்ளியும் எதிரணியும் இதுவரை ஆளுக்குப் பதினோரு ஆட்டம் ஆடி, பத்தில் வென்று ஒன்றில் தோற்றிருக்கின்றன. நாம் தோற்ற அந்த ஓர் ஆட்டமும் ஒரே புள்ளியில் போனது. அவர்கள் தோற்றது மூன்று புள்ளியில். நம்மவர்கள் பந்தோடு ஓடியே முன்னேறுபவர்கள், அவர்கள் பந்தை எறிந்து முன்னேறுபவர்கள். எது எதை வெல்லும் என்று எங்கள் தெருவில் சில நாளாக வேறு பேச்சே இல்லை. இப்படிப்பட்ட ஆட்டம் பெரும்பாலும் கடைசி நிமிடத்தில் ஓர் உதையில் முடியும். அந்த உதையை உதைக்கப்போகிறவன் உங்கள் நிலை ஏழு மாணவன், அந்தப் பதினோரு பேரில் ஒருவன். தோற்றால் பருவம் அத்தோடு முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வருக்கு அதுவே கடைசி ஆட்டம்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தை யார் போய்ப் பார்ப்பார்கள் என்று குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார். 2013 டிசம்பரில் ஆர்லிங்டனில் ஆலன், பேர்லண்ட் பள்ளிகள் மோதிய மாநில இறுதி ஆட்டத்துக்கு 54,347 பேர் வந்தார்கள். நம் பொங்கல் விழாவில் அரங்கின் பின்பாதி எப்படி இருந்தது என்பது என் நினைவுக்கு வந்தது; மரியாதை கருதி அவரிடம் சொல்லவில்லை.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் இடைவேளையில் களமிறங்கும் பள்ளி அணிவகுப்பு இசைக்குழுவில் அவள் டியூபா வாசிக்கிறாள். தோளில் சுற்றி மாட்டிக்கொள்ளும் அந்தக் கருவி ஏறத்தாழ முப்பது பவுண்டு இருக்கும். அதைச் சுமந்துகொண்டு, ஆகஸ்டு வெயிலில், வாகன நிறுத்தத்தின் தார்த்தரையில் வரைந்த கோடுகளின் மேல் அடியெண்ணி நடந்து பழகியவள். ஒவ்வொரு பிள்ளைக்கும் களத்தில் ஓர் எண்ணும் ஓர் இடமும் உண்டு. ஒருத்தி வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவரை நிறுத்திவிட முடியாது. வளைந்து வரும் வரிசையில் பல் விழுந்ததுபோல் ஓர் ஓட்டை தெரியும்.

இதைத்தான் அவள் தன் கைப்பட, தமிழில், விடுப்பு விண்ணப்பமாக எழுதினாள். விடுப்பு விண்ணப்பம் எழுதுவது நிலை ஆறின் பாடங்களில் ஒன்று என்பதை நினைவூட்டுகிறேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல், சாப்பாட்டு மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ‘நான் போகாவிட்டால் என் இடம் காலியாக இருக்கும்’ என்று எழுதினாள். அந்தத் தாள் திரும்பி வந்தது. ‘விலையாட்டு’ என்று அவள் எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே ‘ளை’ என்று திருத்தி, ஓரத்தில் பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டிருந்தது. அடியில், அதே சிவப்பு மையில், ‘விடுப்பு இல்லை’. ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. ஊதியமே வாங்காமல் தம் சனிக்கிழமைகளை நம் பிள்ளைகளுக்குத் தருபவர் அவர், குழு எடுத்த முடிவைத்தான் எழுதினார். ஆனால் தமிழில் எழுதிக் கேட்டால் மதிப்பெண் கிடைக்கும், கேட்டது மட்டும் கிடைக்காது என்பதைத்தான் என் மகள் அன்று கற்றுக்கொண்டு வீடு திரும்பினாள்.

படிப்பு முக்கியமா, பந்து முக்கியமா என்றும் கேட்கப்பட்டது. படிக்கிற பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு என்று ஊரில் நாம் கேட்டு வளர்ந்த அதே பாட்டு, கடல் தாண்டியும் ராகம் மாறாமல் வந்திருக்கிறது. 1984 முதல் இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது: பாடத்தில் எழுபது மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் ஆட்டக்காரனும் களம் இறங்க முடியாது, டியூபாக்காரியும் இறங்க முடியாது. ஆகவே சனிக்கிழமை பேருந்தில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையும் படித்துத் தேறிய பிள்ளைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பர் 19, ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணிக்கு நம் பொதுக்குழுக் கூட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது. அன்று அகமதாபாத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நமக்கு அது அதிகாலை இரண்டரைக்குத் தொடங்கியது. உறுப்பினர்கள் களைத்திருப்பார்கள் என்று கூட்டம் ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. இந்தியா தோற்ற சோகத்தில் நானும் அதை ஆட்சேபிக்கவில்லை. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்களின் களைப்புக்கு ஒரு வாரம் தர முடிந்தது; களத்தில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் தர முடியவில்லை என்றால், நம் பள்ளியின் விதிகள் யாருக்காக எழுதப்பட்டவை என்று பிள்ளைகள் கேட்பார்கள். எங்களிடம் பதில் இல்லை.

கோபத்தில் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். கேட்பது மீண்டும் அதேதான்: இந்தப் பதினோரு பேருக்கு மட்டும், வாய்மொழித் தேர்வை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றுங்கள். அடுத்த வாரம் வேண்டாம், அது நன்றி நவிலல் விடுமுறை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வேண்டாம், அணி வென்றுகொண்டே போனால் அன்றும் ஆட்டம் வரலாம். பள்ளிப் போட்டிகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நடத்த அனுமதிப்பதில்லை என்பதால்தான் ஞாயிறு என்கிறோம். இடமில்லை என்றால் எங்கள் வீட்டுக் கூடம் இருக்கிறது. தேர்வாளர்கள் இருவருக்கும் காப்பியும் பலகாரமும் எங்கள் பொறுப்பு. இசைக்குழு ஆசிரியர் வியாழன் மாலை பேருந்துப் பட்டியலை இறுதி செய்கிறார் என்பதால், புதன்கிழமை இரவுக்குள் பதில் அளித்தால் பேருதவியாக இருக்கும்.

விண்ணப்பத்தை என் மகள் மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறாள், இத்துடன் இணைத்துள்ளேன். இம்முறை ‘விளையாட்டு’ சரியாக இருக்கிறது.

பணிவன்புடன்,
நிலை ஆறு மாணவி ஒருத்தியின் தந்தை